வாசல் எங்கே என்று காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனநல ஆலோசனைக்கு முதன்முறையாகப் போக நினைப்பவர் மையத்தின் இணையதளத்தைத் திறந்ததும் ஆலோசகரின் பட்டங்களை மட்டும் பார்ப்பதில்லை. எந்த வாசலில் நுழைவது, காத்திருக்கும் இடத்தில் வேறு யாரெல்லாம் இருப்பார்கள், உள்ளே பேசுவது வெளியே கேட்குமா என்ற கவலைகள் அவருக்கு இருக்கின்றன. பல தளங்களில் இதற்குப் பதில் கிடைப்பதில்லை. அடுக்கிவைத்த கூழாங்கற்களும் சூரிய உதயமும்தான் இருக்கின்றன. இவை விலைக்கு வாங்கிய படங்கள். அறையைக் காணோம்.

ஆலோசனை மையம் நடத்துபவர்கள் தங்கள் தளத்தில் படங்களை, வருபவர் நடந்துவரும் வரிசையிலேயே போட வேண்டும்: தெருவிலிருந்து பார்த்தால் தெரியும் பெயர்ப்பலகை, நுழைவாயில், படிக்கட்டு, காத்திருப்பு இடம், பிறகு அறை. இவற்றில் முக்கியமானதும், அநேகமாக எல்லோரும் விட்டுவிடுவதும் ஒரே படம்தான்: ஆலோசனைக்கு வருபவர் உட்காரும் நாற்காலியிலிருந்து எடுத்த படம். கேமரா தரையிலிருந்து சுமார் 4 அடி உயரத்தில், உட்கார்ந்தவரின் கண்மட்டத்தில் இருக்கட்டும். எதிரே இருக்கும் நாற்காலி எவ்வளவு தூரம், நடுவில் மேசை உண்டா, கதவு கண்ணில் படுகிறதா, கடிகாரம் எங்கே மாட்டியிருக்கிறது என்பதெல்லாம் அந்த ஒரு படத்திலேயே தெரிந்துவிடும். பதற்றத்தோடு வருபவருக்குக் கதவு எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே தெரிவது சின்ன விஷயமல்ல.

செல்போனில் 0.5 என்று காட்டும் அகலக் கோண லென்ஸைத் தொடவே வேண்டாம். பத்தடி அறையை அது கூடம் போலக் காட்டும்; ஓரத்து நாற்காலிகள் இழுபட்டுத் தெரியும். நேரில் வந்தவர் அறை இவ்வளவு சிறியதா என்று திகைத்தால், நம்பிக்கையில் முதல் விரிசல் அங்கேயே விழுந்துவிடுகிறது. சாதாரண லென்ஸில் அறை அடங்கவில்லையென்றால் இரண்டு படமாக எடுக்கலாம். பகல் வெளிச்சமும் மஞ்சள் விளக்கும் கலந்தால் சுவரின் ஒரு பாதி நீலமாகவும் மறுபாதி மஞ்சளாகவும் வரும். ஏதாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். ஜன்னலில் வெயில் நேராக அடிக்கும் நேரத்தில் எடுத்தால் ஜன்னல் வெளுத்து அறை இருண்டுபோகும்.

ஜன்னல் வழியே தெரிவதையும் காட்டுங்கள். பித்தப்பை அறுவை சிகிச்சைக்குப் பின் மரங்கள் தெரியும் அறையில் இருந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்த அறையில் இருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பியதாக ஆராய்ச்சியாளர் ரோஜர் உல்ரிக் 1984இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். ஆனால், வெளியே போகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்க்க முடியுமா என்பதே ஆலோசனைக்கு வருபவருக்கு முதல் கேள்வி. திரைச்சீலை போட்ட நிலையிலும் ஒரு படம் இருக்கட்டும்.

சத்தம் படத்தில் தெரியாது; எழுதத்தான் வேண்டும். தடுப்புச் சுவர் மேல்தளம் வரை போகாமல் பொய்க்கூரையோடு நின்றுவிட்டால் பேச்சு அதற்கு மேலாகப் பக்கத்து அறைக்குப் போய்விடும். கதவின் அடியில் உள்ள இடைவெளி இன்னொரு வழி. இவற்றை அடைத்திருந்தால், பேச்சு வெளியே புரியாதபடி மறைக்கும் இரைச்சல் கருவியை வாசலில் வைத்திருந்தால், அதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். சரிசெய்யாமல் 'முழு ரகசியம்' என்று மட்டும் எழுதுவது தவறு.

படம் எடுக்கும் நாளில் ஆலோசனைக்கு வந்தவர் யாரும் கட்டடத்தில் இருக்கக் கூடாது. மேசைமேல் திறந்து கிடக்கும் முன்பதிவு நோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தால் பெயர்களைப் படித்துவிடலாம். கணினித் திரையும், அலமாரிக் கோப்புகளின் முதுகில் எழுதிய பெயர்களும், கண்ணாடியில் விழும் பிம்பமும் அப்படித்தான். பிறகு மங்கலாக்கிக்கொள்ளலாம் என்று விடாமல், எடுப்பதற்கு முன்பே அப்புறப்படுத்துங்கள். வீட்டிலேயே ஆலோசனை நடத்தி, முகவரியைப் பொதுவில் போடாதவர்கள் படத்துக்குள் பதிவாகியிருக்கும், எடுத்த இடத்தைக் காட்டிவிடும் ஜிபிஎஸ் விவரத்தை நீக்கிவிட்டு ஏற்றட்டும். பக்கத்துக்குள்ளேயே வேறு நிறுவனத்தின் வரைபடத்தைப் பதித்தால், யார் பார்க்கிறார்கள் என்ற தகவல் அந்த நிறுவனத்துக்கும் போகிறது. எளிய வழிகாட்டிப் படமும் வரைபடத்துக்கு ஓர் இணைப்பும் போதும்.

'சக்கர நாற்காலி வசதி உண்டு' என்ற வரியை நம்பி ஒருவர் வந்து வாசலோடு திரும்பிப் போவது கொடுமை. எத்தனை படிகள், கைப்பிடி எந்தப் பக்கம், கதவு திறந்தால் எத்தனை சென்டிமீட்டர் வழி கிடைக்கும், கழிப்பறைக்குள் நாற்காலியைத் திருப்ப முடியுமா என்று அளந்து எழுதுங்கள். சாய்தளம் ஓரடி உயர்வதற்குக் குறைந்தது 12 அடி நீளம் வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் துணையின்றி ஏறுவது பலருக்கும் கடினம். பார்வையற்றவர்களுக்குத் திரையில் உள்ளதை வாசித்துக்காட்டும் திரைவாசிப்பானுக்காகப் படத்தோடு சேர்க்கும் குறிப்பில் 'அறை' என்று மட்டும் போடாமல், 'ஜன்னலோரம் எதிரெதிரே இரண்டு நாற்காலிகள், கதவு வலப்பக்கம்' என்று எழுதலாம்.

செல்போன் படத்தை அப்படியே ஏற்றினால் பல மெகாபைட் வரும், பக்கம் திறக்கவே தாமதமாகும். 1600 பிக்சல் அகலத்துக்குக் குறைத்தால் பெரும்பாலும் சில நூறு கிலோபைட்டில் அடங்கிவிடும். படத்தின் கீழே எடுத்த மாதத்தையும் ஆண்டையும் போடுங்கள். நாற்காலியை இடம் மாற்றினால்கூட மறுபடியும் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மனநல ஆலோசகர்கள் சிலர்