இரட்டைச் சக்கரத் தடையை நீக்காதீர்கள், அதன் காரணத்தைத் திருத்துங்கள்

அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் பழைய டிராக்டர் இழுவைப் போட்டிகளுக்கு விதி எழுதும் மன்றங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

பழைய டிராக்டர் பிரிவில் பின்பக்கம் ஒரு புறத்துக்கு இரண்டாக இரட்டைச் சக்கரம் பூட்டிக்கொண்டு வர அனுமதிக்கலாமா என்ற கேள்வி உங்கள் கூட்டங்களில் மீண்டும் மீண்டும் எழுகிறது. பல மன்றங்கள் கூடாது என்கின்றன. சில விதிநூல்கள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. என் வேண்டுகோள் இதுதான்: தடை இருக்கும் இடத்தில் அதை நீக்காதீர்கள், இல்லாத இடத்தில் கொண்டுவாருங்கள். ஆனால் இரட்டைச் சக்கரம் பூட்டியவருக்கு நியாயமற்ற சாதகம் கிடைக்கிறது என்று மட்டும் காரணம் சொல்லாதீர்கள். தடத்துக்குத் தடம் மாறுகிற காரணம் அது. மாறாத காரணம் பின் ஆக்ஸிலுக்குள், அதாவது பின்சக்கரங்களைத் தாங்கிச் சுழற்றும் அச்சுக்குள், இருக்கிறது.

இலினாயில் கோடைத் திருவிழாக்களுக்குக் குடும்பத்தோடு வரும் தமிழ் நண்பர்கள் பலர் என்னிடம் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். அதனால்தான் இந்த மடலைத் தமிழிலும் எழுதுகிறேன். அவர்களுக்காகப் போட்டியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிராக்டரின் பின்னால் ஸ்லெட் எனப்படும் இழுவை வண்டியைக் கொக்கியில் மாட்டுவார்கள். தொடக்கத்தில் அதன் பாரப்பெட்டி வண்டியின் பின்சக்கரங்களுக்கு மேல் இருக்கும். டிராக்டர் நகர நகர அந்தப் பெட்டி முன்னோக்கி ஏறிவரும். வண்டியின் முன்பகுதி மண்ணில் அழுந்தும், இழுப்பது கடினமாகும். நெடுங்காலமாக 300 அடி போனால் முழு இழுவை. அதற்குள் எஞ்சின் அணைந்தாலோ சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றாலோ ஆட்டம் முடிந்தது. குதிரைகளை வைத்து நடந்த இந்தப் போட்டி 1929-இல் மிசௌரியிலும் ஒஹையோவிலும் டிராக்டருக்கு மாறியது. பழைய பிரிவில் வருபவை பெரும்பாலும் 1950-களிலோ அதற்கு முன்போ செய்யப்பட்டவை. 1939 முதல் 1952 வரை வந்த ஃபார்மால் எம், 1934 முதல் 1952 வரை வந்த ஜான் டீர் ஏ போன்றவை.

இப்போது சாதகம் என்ற வாதத்துக்கு வருகிறேன். போட்டி எடைப் பிரிவுகளில் நடக்கிறது. கூடுதலாகப் பூட்டும் இரண்டு சக்கரங்களும் சேர்ந்து சில நூறு பவுண்ட் எடை இருக்கும். அந்த எடை பின் ஆக்ஸிலோடு ஒட்டிக்கொண்டுவிடும். அனுபவமுள்ள ஓட்டுநர் அதே எடையை இரும்புக் கட்டிகளாக முன்பக்கம் தொங்கவிட்டிருப்பார். இழுவை கூடும்போது அது முன்பக்கத்தைக் கீழே பிடித்துவைக்கும், பின்சக்கரத்துக்கும் தேவையான அளவு பாரம் வந்து சேரும். தடம் உருளை ஓட்டி இறுக்கிய களிமண்ணாக இருந்தால், அகலமாகப் பரவிய டயரின் பற்கள் மண்ணுக்குள் போதிய ஆழம் இறங்குவதில்லை. அங்கே ஒற்றைச் சக்கரமே மேல். தடம் பொலபொலவென்று இருந்தால் கதை தலைகீழ். இரட்டைச் சக்கரம் புதையாமல் நிற்கும், வழுக்கல் குறையும். இப்படி மண்ணைப் பொறுத்து மாறுகிற ஒன்றை விதியின் அடித்தளமாக வைத்தால், சாதகமே இல்லாத களிமண் தடத்தைக் காட்டி யாராவது விலக்குக் கேட்பார். நீங்களும் கொடுத்துவிடுவீர்கள்.

பிடிப்பு கூடும்போது என்ன நடக்கிறது என்பதுதான் என் கவலை. வீட்டு மின்சுற்றில் ஃபியூஸ் செய்கிற வேலையைப் பழைய டிராக்டரில் சக்கரத்தின் வழுக்கல் செய்கிறது. தாங்க முடியாத பாரம் வந்தால் டயர் மண்ணைக் கிளறிவிட்டுச் சுழலும், கியர் பற்கள் தப்பிக்கும். வழுக்க இடமில்லாமல் செய்துவிட்டால் அந்த விசை முழுவதும் சக்கரத்துக்குத் திறனைக் கடத்தும் கடைசிப் பற்சக்கரங்களான இறுதிக் கியர்களுக்கும் ஆக்ஸிலுக்கும் போகிறது. முப்பது நாற்பது குதிரைத்திறனை மனதில் வைத்து, கலப்பை இழுக்கச் செய்த பாகங்கள் அவை. இன்று அதே டிராக்டரின் எஞ்சினைப் பிரித்து, பெரிய பிஸ்டன் போட்டுத் திறனைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். பின்பக்கக் கியர்கள் மட்டும் அதே பழையவை.

வளைவு விசை இன்னொரு தொல்லை. வெளிச்சக்கரம் ஆக்ஸில் பேரிங்கிலிருந்து இரண்டு மடங்கு தூரத்தில் இருந்து, தடத்தின் ஒரு மேட்டில் ஏறி அந்தப் பக்கத்துப் பாரம் முழுவதையும் தானே தாங்கினால், ஆக்ஸிலின் மீது வரும் வளைவு விசையும் இரண்டு மடங்கு. இறுக்கிய களிமண் தடத்தில்கூட முந்தைய டிராக்டர்கள் பறித்துப்போட்ட குழியும் மேடும் இருக்கத்தான் செய்கின்றன.

போன கோடையில் ஒரு போட்டியில் நான் பார்த்தது மனதை விட்டுப் போகவில்லை. சிவப்பு வண்ணம் புதிதாக அடித்த டிராக்டர் ஒன்று, கொக்கியும் வளையமுமாகப் பூட்டிய வெளிச்சக்கரங்களோடு நன்றாக இழுத்து முடித்தது. கைதட்டலும் கிடைத்தது. எடைமேடைக்குப் பின்னால் அது நின்றபோது ஆக்ஸிலை மூடியிருக்கும் இடப்பக்க இரும்புக் கூட்டின் விளிம்பிலிருந்து எண்ணெய் கசிந்து டயரின் உட்பக்கம் கோடாக வழிந்துகொண்டிருந்தது. உரிமையாளர் துணியால் துடைத்தார், மறுபடி ஈரமானது. எண்ணெய் கசியாமல் அடைக்கும் ஆயில் சீல் வளையம் போயிருந்தால் செலவு சின்னது. கூடே விரிசல் விட்டிருந்தால்? அந்த வார்ப்பிரும்புக் கூட்டை எந்த ஆலையும் இன்று வார்ப்பதில்லை. பழைய டிராக்டர்களைப் பிரித்து விற்பவரிடம்தான் போக வேண்டும். ஒன்று ஓடுவதற்காக இன்னொன்று கறிக்கடைக்குப் போகிறது. ஒரு வார இறுதிக் கோப்பைக்காக இதைச் செய்ய எனக்கு மனம் ஒப்பவில்லை. உங்களில் பெரும்பாலோர் இந்த இயந்திரங்களைக் கொட்டகையிலிருந்து மீட்டுக் கொண்டுவந்தவர்கள். உங்களுக்கும் ஒப்பாது என்றே நம்புகிறேன்.

ஓட்டுநரின் உயிரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சக்கரம் வழுக்காமல், எஞ்சினும் அணையாமல் இருந்தால் டிராக்டரின் மூக்குத் தூக்கும். ஸ்லெட்டின் கொக்கியை மாட்டும் டிராபாரின் உயரத்தை 20 அங்குலத்துக்குள் வைக்கச் சொல்லி விதி போட்டிருக்கிறீர்களே, அது இதற்காகத்தான். பின்பக்கமாகக் கவிழ்வதைத் தடுக்க முடியாத நிலைக்குப் போக ஒரு நொடிகூட ஆகாது. கிளட்சை மிதிக்கக் கால் போவதற்குள் காரியம் முடிந்துவிடும். டிராக்டர் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டகத்தை ஜான் டீர் நிறுவனம் 1966-இல்தான் அறிமுகப்படுத்தியது. அதற்கு முந்தைய இயந்திரங்களின் இருக்கைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. கூடுதல் பிடிப்பை அனுமதிக்கும் மன்றம், பின்கவிழ்வைத் தடுக்கும் கம்பியையும் கட்டாயமாக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

வரலாற்றைக் காட்டி எதிர்வாதம் வைப்பவர்கள் இருக்கிறார்கள். இரும்புச் சக்கரக் காலத்திலேயே சேற்று நிலத்துக்காக விளிம்பை அகலப்படுத்தும் வளையங்கள் இருந்தனவே என்று கேட்கிறார்கள். உண்மைதான். ஃபோர்டின் பழைய ஃபோர்ட்சன் டிராக்டரில்கூடப் பூட்டினார்கள். ஆனால் அது புதையாமல் உழுவதற்கு. முழு விசையில் 300 அடி இழுத்து நிறுத்துவதற்கு அல்ல. 1932-இல் அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் காற்றடைத்த டயரோடு டிராக்டரை விற்கத் தொடங்கிய பிறகும், இரட்டை டயர் பரவலானது 1960-களில் நூறு குதிரைத்திறனைத் தாண்டிய பெரிய டிராக்டர்கள் வந்தபோதுதான். அவற்றுக்கு ஆக்ஸிலும் அதற்கேற்பப் பருமனாகவே வந்தது. அந்தத் தலைமுறை டிராக்டர்கள் தங்கள் பிரிவில் இரட்டைச் சக்கரத்தோடு இழுப்பதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.

இரட்டைச் சக்கரத்தோடுதான் வருவேன் என்று அடம்பிடிக்கும் பழைய டிராக்டர்காரரையும் திருப்பி அனுப்ப வேண்டாம். அணிவகுப்பில் வரட்டும், உழவுக் காட்சியில் உழட்டும், மக்கள் பார்க்கட்டும். ஸ்லெட்டின் கொக்கியை மட்டும் மாட்டாதீர்கள்.

விதிநூலில் இப்படி எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்: “பழைய டிராக்டர் பிரிவில் பின்பக்கம் ஒரு புறத்துக்கு ஒரு சக்கரம் மட்டுமே. ஆக்ஸில், இறுதிக் கியர் ஆகியவற்றின் பாதுகாப்புக்காகவும் ஓட்டுநரின் பாதுகாப்புக்காகவும் இந்த விதி. எந்தத் தடத்துக்கும் விலக்கு இல்லை.” எடை போடும்போதே ஒருவர் குனிந்து இரண்டு ஆக்ஸில் கூடுகளையும் விளக்கு அடித்துப் பார்க்கட்டும். எண்ணெய்க் கசிவோ விரிசலோ தெரிந்தால், ஒற்றைச் சக்கரமாக இருந்தாலும் அன்றைக்கு அந்த டிராக்டர் இழுக்கக் கூடாது.

இப்படிக்கு,
பழைய டிராக்டர்களை நேசிக்கும் இலினாய்த் தமிழன்