வெயில் நோட்டுகளைப் படித்த பிறகு

14.06.2024

அன்புள்ள பெற்றோர்களுக்கும், இதை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டப்போகும் அண்ணன் அக்காக்களுக்கும் வணக்கம்.

பள்ளி திறந்து ஐந்து நாள் ஆகிறது. முதலில் 6ஆம் தேதி என்றார்கள். வெயில் அடங்கவில்லை என்று 10ஆம் தேதிக்குத் தள்ளினார்கள். போன வருடமும் இதே கதைதான்: ஜூன் 1 என்று சொல்லி, 7 ஆகி, கடைசியில் 12. சின்ன வகுப்புகளுக்கு 14. தேதி தள்ளிப்போகும்போதெல்லாம் பிள்ளைகள் துள்ளிக் குதிக்கிறார்கள். நீங்கள் பேருந்து நிறுத்தத்தில் என்னைப் பிடித்து, "எப்ப டீச்சர் தொறப்பீங்க?" என்று கேட்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று இந்த வருடம்தான் எனக்குச் சரியாகப் புரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் கடைசியில் விடுமுறை விட்டபோது நான்கு முதல் ஏழாம் வகுப்பு வரை இருந்த பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு கொடுத்தோம். வீட்டுப்பாடம் எதுவும் கிடையாது, தினமும் வெயிலைப் பற்றி நான்கு வரி மட்டும் எழுத வேண்டும். பள்ளியின் அறிவியல் பெட்டியில் இருந்த ஒரே ஒரு சுவர் வெப்பமானியையும் கொடுத்து, ஒரு வீட்டில் இரண்டு நாள் என்று தெருத்தெருவாகச் சுற்றி வரும்படி ஏற்பாடு செய்தேன். என் மனதில் இருந்தது அறிவியல் பாடம். மதியம் மூன்று மணிக்கு எவ்வளவு, இரவு பத்து மணிக்கு எவ்வளவு என்று ஒரு பட்டியல் வரும், அதை வைத்து வரைபடம் போடலாம் என்று நினைத்திருந்தேன்.

வந்தது வேறு. அறுபத்துச் சொச்சம் நோட்டுகளை இந்த நான்கு நாள் இரவில் படித்து முடித்தேன். உங்கள் வீடுகளுக்குள் கதவைத் தட்டாமல் வந்துவிட்டதுபோல இருந்தது. முதலில் அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எந்த வீட்டில் என்ன எழுதியிருந்தது என்று யாரிடமும் சொல்ல மாட்டேன், ஆசிரியர் அறையிலும் பேச மாட்டோம். நீங்களும் நோட்டு கைக்கு வந்ததும், "இதையெல்லாமா எழுதி வைப்பே?" என்று பிள்ளையை அடிக்க வேண்டாம். எழுதச் சொன்னது நான்.

வரைபடமும் ஒன்று கிடைத்தது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மதியம் மூன்று மணிக்கு சிமெண்ட் ஷீட் போட்ட வீடுதான் ஊரிலேயே சூடு. அது நமக்கே தெரியும். ஆனால் இரவு பத்து மணிக்குக் கதை மாறிவிடுகிறது. ஷீட் மெலிசு, சீக்கிரம் சுட்டு, சீக்கிரம் ஆறிவிடும். தொகுப்பு வீடுகளின் கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு, நாம் பாய் விரிக்கும் நேரத்தில் திருப்பிக் கொடுக்கிறது. எதிரெதிர் வீட்டுப் பிள்ளைகள் இருவர் இதைத் தாங்களாகவே கண்டுபிடித்து, "ராத்திரியில் எங்கள் வீடு ஜெயிக்கிறது" என்று எழுதியிருந்தார்கள். பழைய ஓட்டு வீடு ஒன்று இரண்டு நேரத்திலும் இரண்டு பேரையும் தோற்கடித்துவிட்டது. அந்த வீட்டுத் தாத்தா இனிமேல் ஓட்டை மாற்ற விடமாட்டார் என்று நினைக்கிறேன்.

வேலூர்க்காரர்களுக்கு வெயிலைப் பற்றிப் பாடம் எடுப்பது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று நம் ஊரைப் பற்றிய பழைய கேலியை நாமே சொல்லிச் சிரிப்பவர்கள். சுற்றிலும் மொட்டைப் பாறை மலை, கடல் காற்று இவ்வளவு தூரம் வந்து சேருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். சமவெளியில் 40 டிகிரி செல்சியஸைத் தொட்டு, அந்த ஊரின் வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடுதலாக இருந்தால் வானிலைத் துறை அதை வெப்ப அலை என்று சொல்லும். நமக்கோ வழக்கமே 100 ஃபாரன்ஹீட்டை ஒட்டி இருக்கிறது. அதனால் மற்ற ஊர்க்காரர்கள் அலறும் சூட்டில் நாம் மாவரைக்கப் போய்க்கொண்டிருப்போம். இந்த வருடம் அந்த வீம்பும் செல்லவில்லை. கத்திரி மே 4ஆம் தேதிதான் தொடங்கியது. அதற்கு முன்பே வேலூர் 108ஐத் தாண்டிவிட்டது. சின்டெக்ஸ் தொட்டித் தண்ணீர் மாலை ஆறு மணிக்கும் கை வைக்க முடியாமல் கொதித்தது. ஒரு நான்காம் வகுப்புப் பெண், "எங்கள் வீட்டில் வெந்நீர் இலவசம்" என்று எழுதியிருந்தாள்.

இனி நோட்டுகளில் என்னை உறங்கவிடாத பக்கங்களுக்கு வருகிறேன்.

ஒரு பையன் எழுதியது: "டேபிள் ஃபேன் தலையை அங்கயும் இங்கயும் திரும்ப விட்டா யாருக்கும் காத்து வராது. தலையை ஒரே பக்கமா நிறுத்தி வெச்சா ஒருத்தருக்கு வரும். எங்க வீட்ல பாப்பாவுக்கு நிறுத்தி வெப்போம். எனக்கு ரெண்டு மணிக்கு மேல தெருவுல காத்து வரும், அப்ப தூங்குவேன்." இதே பையனை ஏப்ரல் மாதத்தில் முதல் பாடவேளையில் தூங்கி விழுந்தான் என்று நான் வராந்தாவில் நிற்க வைத்தேன். "ராத்திரியெல்லாம் செல்போனா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். அவன் ஒன்றும் சொல்லாமல் நின்றான். இருபத்தாறு வருடமாக ஆசிரியராக இருக்கிறேன். ஒரு பிள்ளை ஏன் தூங்குகிறது என்று கேட்பதற்கும், தூங்குகிறாயா என்று கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். படித்த மறுநாளே அவனைக் கூப்பிட்டு, தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவன் காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே, "பரவால்ல டீச்சர்" என்றான்.

பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே விஷயத்தை எழுதியிருந்தார்கள்: அம்மா தட்டை மடியில் வைத்தால் ஃபேனை நிறுத்திவிட வேண்டும். போட்டால் தூள் பறக்கும், நனைத்து வைத்த இலை காய்ந்து நொறுங்கும். கரண்ட் இருந்தும் காற்று இல்லாத வீடு. அந்த வீட்டுப் பிள்ளைகள் பகலெல்லாம் வெளியே திரிவதைப் பார்த்து, "வீட்டில் அடங்கி இருக்காதா" என்று நானே சொல்லியிருக்கிறேன்.

சாப்பாட்டைப் பற்றியும் நிறைய இருந்தது. நுங்கு, வெள்ளரிப்பிஞ்சு, மாமா வாங்கி வந்த தர்பூசணி, ஆயாவின் கேழ்வரகுக் கூழ், மொட்டை மாடியில் வடகம் காயப்போட்டுக் காக்காய் ஓட்டியது எல்லாம் சந்தோஷமான பக்கங்கள். (வடகம் ஒன்றுதான் இந்த வெயிலால் லாபம் அடைந்தது போலிருக்கிறது.) ஆனால் நடுவில் ஒரு மூன்றாம் வகுப்புத் தங்கைக்காக அண்ணன் எழுதிய வரி: "பாப்பா ஸ்கூல் பொங்கல் கேட்டு அழுதாள்." போன ஆகஸ்டில் நம் பள்ளியில் காலை உணவு தொடங்கிய பிறகு வந்த முதல் கோடை விடுமுறை இது. காலையும் மதியமும் பள்ளியில் சாப்பிட்ட பிள்ளைக்கு விடுமுறையில் அந்த இரண்டு வேளையும் வீட்டு அடுப்பில் ஆக வேண்டும். அதுவும் 108 டிகிரியில், ஜன்னல் இல்லாத சமையலறையில். "எப்ப டீச்சர் தொறப்பீங்க?" என்ற கேள்விக்குள் இதுவும் இருந்தது என்று இப்போது தெரிகிறது. பிள்ளையை வைத்துச் சமாளிக்க முடியாமல் கேட்கிறீர்கள் என்று இவ்வளவு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் இன்னொரு வரி. யார் என்று கேட்காதீர்கள். "மே மாசம் அம்மா நிறைய அடிப்பாங்க. மழ பெஞ்ச அன்னிக்கு அடிக்கல." இதைப் படித்துவிட்டு நோட்டை மூடி வைத்துவிட்டேன். அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் பிள்ளைகள் சின்ன வயதாக இருந்தபோது நானும் புழுக்கத்தில் கை ஓங்கியவள்தான். தூக்கம் இல்லை, வியர்க்குரு அரிக்கிறது, குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்று வந்தால் பால் பொங்கி வழிந்திருக்கிறது. கோபம் யார் மேல் இறங்கும்? கைக்கு எட்டுகிற உயரத்தில் இருப்பவர் மேல்தான். இருந்தாலும் சொல்கிறேன்: கை எழும் நேரத்தில் முகத்தைக் கழுவிக்கொண்டு வாசலில் போய் உட்காருங்கள். பிள்ளை கணக்கு வைத்திருக்கிறது, மழை பெய்த நாள் உட்பட.

என் வீட்டுக் கதையையும் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. எங்கள் வீட்டில் ஓர் அறையில் ஏசி இருக்கிறது. கணவர், மாமியார், வேலைக்குப் போகும் மகன், நான் என்று நான்கு பேரும் பதினைந்து வருடத்துக்குப் பிறகு ஒரே அறையில் படுத்தோம். மகனுக்கு 22 வேண்டும், அவருக்கு 26. மாமியாருக்கு எந்த எண்ணும் ஆகாது. நள்ளிரவில் தலையணையைத் தூக்கிக்கொண்டு நடையில் போய்ப் படுத்துவிடுவார். ஒரு நாள் ரிமோட்டுக்கு நடந்த சண்டையில் இரண்டு நாள் பேச்சு நின்றது. அந்த அறையில் இருந்துதான் உங்கள் பிள்ளைகளின் நோட்டுகளைப் படித்தேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

சரி, பள்ளியில் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்கிறேன். திங்கட்கிழமை பக்ரீத் விடுமுறை. செவ்வாய் முதல் காலை வழிபாட்டுக் கூட்டம் புங்க மரத்தடியில், பத்து நிமிடத்துக்கு மேல் போகாது. என் பேச்சைத்தான் குறைக்க வேண்டும், குறைக்கிறேன். விளையாட்டு வேளை காலைக்கு மாறுகிறது. இந்த மாதம் முழுக்க முதல் பாடவேளையில் யாராவது தூங்கினால் எழுப்ப மாட்டோம், கடைசி வேளையில் அந்தப் பாடத்தைத் திரும்ப நடத்துவோம். இரண்டு வகுப்பறைகளின் தளத்தின் மேல் பள்ளி மேலாண்மைக் குழுவினர் சுண்ணாம்பு இரண்டு கோட் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளைத் தளம் வெயிலை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பும். உள்ளே போய் நின்று பாருங்கள், வித்தியாசம் தெரியும். தொகுப்பு வீட்டுக்காரர்கள் உங்கள் தளத்துக்கும் இதைச் செய்யலாம், பெரிய செலவில்லை.

தண்ணீர் குடிப்பதற்கென்று தனி மணி அடிப்போம். கேரளப் பள்ளிகளில் 2019இல் தொடங்கிய வழக்கம் இது. 11 மணி, 1 மணி, 3 மணி. ஆனால் மணி அடித்தால் மட்டும் போதாது என்பதும் நோட்டில் இருந்துதான் தெரிந்தது. ஏழாம் வகுப்பில் இருந்த மூன்று பெண்கள், "லீவில்தான் நிறைய தண்ணீர் குடிக்கிறேன், ஸ்கூலில் குடிக்க மாட்டேன்" என்று எழுதியிருந்தார்கள். மறந்துபோய்க் குடிக்காமல் இருந்தவர்கள் இல்லை அவர்கள். கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் உடைந்து கிடந்தது. ஜனவரியில் உடைந்தது, எனக்கும் தெரியும், 'பார்க்கலாம்' என்று விட்டிருந்தேன். புதன்கிழமை புதுத் தாழ்ப்பாள் போட்டாயிற்று. உள்ளே வாளி, குவளை, தண்ணீர் எல்லாம் இருக்கிறது. உங்கள் மகளிடம் தயவுசெய்து சொல்லுங்கள்.

உங்களிடம் கேட்பது அதிகம் இல்லை. பிள்ளையிடம் தண்ணீர் பாட்டில் கொடுத்து அனுப்புங்கள், வெறும் வயிற்றில் வெயிலில் அனுப்பாதீர்கள். வாந்தி, பேதி, தலைசுற்றல் என்றால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். உடம்பு நெருப்பாகச் சுட்டு, பேச்சு குழறினால் வீட்டு வைத்தியம் வேண்டாம். நிழலில் படுக்க வைத்து, உடம்பெல்லாம் தண்ணீரால் நனைத்து விசிறிக்கொண்டே 108க்குப் போன் செய்யுங்கள். அம்மை போட்டிருந்தால் கொப்புளம் முழுக்கக் காய்ந்து பக்குத் தட்டும் வரை பிள்ளையை அனுப்ப வேண்டாம், வருகையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கல்குவாரிக் குட்டையில் குளிக்கப் போகும் பையன்கள் யார் யார் என்று எனக்குப் பெயரோடு தெரியும். அவர்களும் நோட்டில் எழுதிவிட்டார்கள். அந்த வீடுகளுக்கு மட்டும் நானே நேரில் வருகிறேன்.

வரும் 21ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை மூன்றரை மணிக்குப் பெற்றோர் கூட்டம், அதே புங்க மரத்தடியில். வேலை விட்டு வர முடியாதவர்கள் ஆயாவையோ தாத்தாவையோ அனுப்பலாம். நோட்டுகளை அன்று பிள்ளைகளின் கையிலேயே கொடுத்துவிடுவேன். உங்களிடம் காட்டுவதா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

இன்னொன்று. சுவர் வெப்பமானி மே 29ஆம் தேதிவரை எங்கே இருந்தது என்று நோட்டுகளில் தெளிவாக இருக்கிறது. அதற்குப் பிறகு அது எந்த வீட்டில் தொங்குகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. பள்ளியில் இருப்பது அந்த ஒன்றுதான். வைத்திருப்பவர்கள் யார் கையிலாவது கொடுத்து அனுப்பிவிடுங்கள், கேள்வி கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி,
வேலூர் மாவட்டம்.