பம்பைக் குறை சொல்லும் முன்

பாளையங்கோட்டை,
ஆனி மாதக் கடைசி.

அன்புள்ள சேக்காளிக்கு,

உம்ம கடிதம் கிடைத்தது. அங்கே கல்லிடைக்குறிச்சியில் சாரல் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது என்று எழுதியிருந்தீர். கொடுத்து வைத்தவர். இங்கே தேரோட்டம் முடிந்தும் வெறும் காற்றுதான். வாசலில் காயப்போட்ட வேட்டி புழுதியோடுதான் உள்ளே வருகிறது.

கார் விஷயத்துக்கு வருகிறேன். சமதளத்தில் நன்றாக ஓடுகிற வண்டி பாபநாசத்துக்கு மேலே மலைப்பாதையில் மூச்சு வாங்குகிறது, பெட்ரோல் பம்பும் ஃபில்டரும் வாங்கி வைத்தாயிற்று, வீட்டிலேயே மாட்டலாமா என்று கேட்டிருந்தீர். தாராளமாக மாட்டலாம். ஆனால் சாமானை வாங்கிவிட்டு அப்புறம் நோயைக் கேட்கிறீர், அதுதான் இடிக்கிறது.

நீர் சொல்லும் லட்சணம் பெரும்பாலும் ஃபில்டர் அடைப்புக்கு உரியது. நிதானமாக ஓடும்போது என்ஜினுக்குக் கொஞ்சம் பெட்ரோல் போதும். ஃபில்டருக்குள் அடைத்த காகிதத்தின் வழியாகவும் அவ்வளவு வந்துவிடும். ஏற்றத்தில் காலை அழுத்தினால் வேண்டியது பல மடங்கு. அங்கேதான் பற்றாமல் போகும். பம்ப் தேய்ந்திருந்தால் குணம் வேறு மாதிரி: காலையில் ஒழுங்காக ஓடும், வெயிலில் ஒரு மணி நேரம் ஓடிச் சூடானதும் நின்றுவிடும், அரைமணி ஆறவிட்டால் மறுபடி பிடிக்கும். இரண்டும் சேர்ந்தும் வரும். அடைத்த ஃபில்டரை எதிர்த்துத் தள்ளித் தள்ளியே பம்ப் சாகும்.

சாவியை ஆன் செய்ததும் பின் சீட்டுப் பக்கம், டேங்குக்குள் இருக்கும் பம்பிலிருந்து இரண்டு விநாடி ‘ஙீ’ என்று ஒரு சத்தம் வரும். வரவில்லையென்றால் முதலில் ஃபியூஸைப் பாரும், அடுத்து பம்புக்குக் கரண்ட் விடும் ரிலேயை. ஹாரன் ரிலே அதே அச்சில் இருந்தால் மாற்றிப் போட்டுப் பாரும், காசு செலவில்லை. பிறகும் சத்தமில்லையா, ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு டேங்க் அடியில் கொட்டாப்புளியால் பைய நாலு தட்டுத் தட்டும். பிடித்துக்கொண்டால் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. அந்தப் பம்பை இனி நம்ப வேண்டாம்.

சத்தம் வந்தும் வண்டி இழுக்கவில்லையென்றால் மல்டிமீட்டரை எடும். என்ஜின் ஓடும்போது, பம்பின் கனெக்டர் மாட்டியிருக்கிறபடியே, பின்பக்கமாக ஊசி செருகி அளக்க வேண்டும். கழற்றி வைத்து அளந்தால் கெட்ட வயரும் நல்ல கணக்குக் காட்டும். பேட்டரியில் 13.8 வோல்ட் இருந்தால் பம்பில் 13-க்குக் குறையக் கூடாது. 10, 11 என்று நின்றால் குற்றம் வயரில். பேட்டரி நெகட்டிவுக்கும் பம்பின் எர்த் வயருக்கும் நடுவே அளந்து பாரும், 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பாடியில் எர்த் போல்ட் பிடிக்கிற இடம் துருவேறியிருக்கும். உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினால் தீர்ந்தது. இந்த ஒரு போல்ட்டுக்காக எத்தனை நல்ல பம்புகள் குப்பைக்குப் போகின்றனவோ!

பிரஷர் கேஜ் இரவல் கிடைத்தால் அதையும் பார்த்துவிடும். ஊசி வழியாகப் பெட்ரோல் அடிக்கும் வண்டிகளில் பெட்ரோலின் அழுத்தம் 3 ‘பார்’ அளவு இருக்கும். உம்ம வண்டியின் கையேட்டில் போட்டிருப்பதே சரியான கணக்கு. அணைத்த பிறகு முள் கொஞ்ச நேரமாவது நிற்க வேண்டும். அணைத்த கையோடு பூஜ்யத்துக்கு விழுந்தால் பெரும்பாலும் பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு போயிருக்கும். காலையில் ரொம்ப நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருப்பதற்கு அது காரணமாக இருக்கலாம்.

சரி, கழற்றுவோம். டேங்கில் கால்வாசிக்கு மேல் பெட்ரோல் வேண்டாம். விடியற்காலையில், திறந்த வெளியில் வண்டியை நிறுத்தும். உம்ம வீட்டு வளவுக்குள் வேண்டவே வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு ஊர்ந்து தார்சா வழியாக அடுப்படி வரைக்கும் போகும். கொசுவத்திச் சுருள், சாமி விளக்கு, ஃப்ரிட்ஜ் எல்லாம் அதற்கு நெருப்புதான். வயர் இழுத்துக் குண்டு பல்பு தொங்கவிடாமல் எல்இடி டார்ச் வைத்துக்கொள்ளும். நைலான் சட்டையோடு சீட்டில் உரசினால் பொறி தட்டும். பருத்திச் சாரமே போதும். கைக்கெட்டும் தூரத்தில் பவுடர் தீயணைப்பான் ஒன்று, ஒரு வாளி மணல். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் அது மிதந்து பரவும்.

என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பம்பின் ஃபியூஸைப் பிடுங்கும். தானாக நிற்கும். இன்னும் இரண்டு தடவை மூன்று விநாடி செல்ஃப் அடித்தால் குழாயில் இருக்கும் அழுத்தம் இறங்கும். அதன் பிறகுதான் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்ற வேண்டும்.

பின் சீட்டைத் தூக்கினால் வட்டத் தகடு தெரிகிறது என்று எழுதியிருந்தீர், அது உம்ம அதிர்ஷ்டம். பல வண்டிகளில் டேங்கையே இறக்க வேண்டியிருக்கும். அந்தத் தகட்டை எடுத்தால் பம்பின் தலை தெரியும்; அதன் மேல் நம்ம ஊர்ச் செம்மண் புழுதி திருநீறு மாதிரி அப்பியிருக்கும். அவசரப்பட்டுத் திறந்தால் அவ்வளவும் டேங்குக்குள்தான். பெயின்ட் பிரஷால் பெருக்கி, ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் இன்னொரு தடவை துடையும். இந்தக் கால்மணி நேரம்தான் புதுப் பம்பின் ஆயுள்.

குழாய் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று போனில் படம் பிடித்துக்கொண்டு கனெக்டரை எடும். பிளாஸ்டிக் கிளிப் உள்ள குழாயை முதலில் உள்ளே தள்ளி, இரண்டு காதையும் அமுக்கியபடி வெளியே இழுக்க வேண்டும். நேரே இழுத்தால் பழைய காது ஒடியும். துணி சுற்றிக்கொள்ளும், மிச்சம் இருக்கும் பெட்ரோல் சொட்டும். பூட்டு வளையத்தை இடப்பக்கமாகத் திருப்ப வேண்டும். பித்தளைத் துண்டோ மரத்துண்டோ வைத்துத் தட்டும், இரும்பு உளி கூடாது. பொறி வந்தால் தொலைந்தோம். பம்பு அசெம்பிளியைப் பையத் தூக்கி, ஓரமாகச் சாய்த்து, மிதவைக் கம்பி வளையாமல் எடுத்துப் போணியில் வையும். கம்பி வளைந்தால் அப்புறம் டேங்க் நிறைந்தாலும் பெட்ரோல் முள் பாதிதான் காட்டும்.

டார்ச் அடித்து டேங்குக்குள் பாரும். அடியில் காப்பி மண்டி மாதிரிப் பழுப்புப் படிந்திருந்தால் புதுப் பம்பு போட்டுப் பயனில்லை; டேங்கை இறக்கிக் கழுவ வேண்டும். பம்பு பெட்ரோலை உறிஞ்சும் வாயில் இருக்கும் வலை வெறும் தூசு பூத்திருக்கிறதா, கறுப்புப் பசை ஒட்டியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளும். பசை இருந்தால் எங்கோ ஒரு ரப்பர் கரைகிறது. பழைய வண்டிகளில் இப்போது இது வரக் காரணம் உண்டு. 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பங்க்குகளில் வரத் தொடங்கியது. அதற்கென்று செய்யாத ரப்பரை எத்தனால் ஊதவைக்கும், டேங்கில் வருஷக்கணக்காக ஒட்டியிருந்த அழுக்கையும் இளக்கி ஃபில்டருக்கு அனுப்பும். காற்றில் இருக்கும் ஈரத்தையும் உறிஞ்சும். சாரல் காலத்தில் மாதக்கணக்கில் பாதி டேங்கோடு நிற்கும் வண்டியில் தண்ணீரும் எத்தனாலும் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கும். பம்பு முதலில் குடிப்பது அதைத்தான்.

முழு அசெம்பிளியாக இல்லாமல் பம்பு மோட்டார் மட்டும் வாங்கியிருந்தால் கூடவே நான்கு சாமான் வேண்டும்: புது வலை, பம்பின் தலையை டேங்கோடு கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான புது ஓ-ரிங், டேங்குக்குள் போடும் ஒரு சாண் ஹோஸ், அதற்குக் கிளாம்ப். ஹோஸ் விஷயத்தில் கடைக்காரர் கையில் கிடைத்ததைக் கொடுப்பார், விட்டுவிட வேண்டாம். ஹோஸின் மேல் தரக்குறி அச்சடித்திருக்கும்: வெளியே போடுவதற்கு எஸ்ஏஇ ஜே30 ஆர்9. பெட்ரோலில் முங்கிக் கிடப்பதற்கு ஆர்10. ஆர்9-ஐ உள்ளே போட்டால் வெளித்தோல் ஊறி உரிந்து, வெடித்து, பெட்ரோல் டேங்குக்குள்ளேயே பீய்ச்சும். பம்பு பாடும், வண்டி ஓடாது. வயரை மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். சத்தம் வரும், அழுத்தம் வராது. ஆகவே ப்ளஸ், மைனஸ் குறி பார்த்துச் சொருகும். வலை பழையது இருந்த அதே கோணத்தில் டேங்கின் அடியைத் தொட வேண்டும். திரும்பி நின்றால் கால் டேங்கில் வளைவு எடுக்கும்போது காற்றை உறிஞ்சி வண்டி இருமும்.

பழைய ஓ-ரிங் ஊறிப் பெருத்து, பள்ளத்தில் உட்காராமல் துருத்திக்கொண்டு நிற்கும். நிழலில் காயவைத்தால் சுருங்கும் என்று யாராவது சொல்வார்கள், சுருங்கவும் செய்யும். ஆனாலும் போட வேண்டாம். புதியதில் ஒரு துளி பெட்ரோல் தடவி உட்காரவையும். சிலிக்கான் பசை கூடவே கூடாது. பெட்ரோலில் அது துண்டு துண்டாக உரிந்து நேரே வலைக்குப் போகும்.

அடுத்து ஃபில்டர். பழையதைக் கழற்றியதும் தூர எறிந்துவிட வேண்டாம். நுழைவாய்ப் பக்கத்தைக் கவிழ்த்து, உள்ளே இருப்பதை வெள்ளைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி அரைமணி வையும். பழுப்புத் தூள் தங்கினால் டேங்கில் துரு. கறுத்தால் ரப்பர். அடியில் தெளிவான கோடு போட்டு இன்னொரு அடுக்கு நின்றால் தண்ணீர். டேங்கைக் கழுவுவதா வேண்டாமா என்று மெக்கானிக்கைவிட அந்தப் பாட்டில் தெளிவாகச் சொல்லும். புது ஃபில்டரின் அம்புக்குறி என்ஜினைப் பார்க்க வேண்டும். செம்பு வாஷர் இருந்தால் இரண்டு பக்கமும் புதியது. ஹோஸ் குழாயின் தடிப்பைத் தாண்டி இரண்டரை சென்டிமீட்டர் ஏற வேண்டும், கிளாம்ப் தடிப்புக்கு உள்பக்கம் நிற்க வேண்டும். கார்புரேட்டர் வண்டிக்கு விற்கும் பிளாஸ்டிக் ஃபில்டரை மலிவென்று இதில் மாட்டிவிடாதேயும். 3 பார் அழுத்தத்தில் அது பிளந்துவிடும்.

மாட்டி முடித்ததும் உடனே செல்ஃப் அடிக்க வேண்டாம். சாவியை ஆன், இரண்டு விநாடி, ஆஃப் என்று ஐந்தாறு தடவை. குழாய் நிறையட்டும். ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த செய்தித்தாளால் ஒற்றிப் பாரும். கண்ணுக்குத் தெரியாத கசிவைத் தாள் காட்டிக் கொடுக்கும். சீட்டை அன்றைக்கே இறுக்க வேண்டாம். டேங்கை நிரப்பி இன்னொரு தடவை ஒற்றிப் பார்த்த பிறகு மூடும். மூடி வாயில் கசிவிருந்தால் பெட்ரோல் அந்த உயரத்துக்கு ஏறினால்தான் தெரியும்.

இனிமேல் முள்ளைக் கால் டேங்குக்குக் கீழே இறங்க விடாதேயும். சுற்றி நிற்கும் பெட்ரோல்தான் அந்த மோட்டாருக்குக் குளிர்ச்சி. நூறு ரூபாய்க்கு, இருநூறு ரூபாய்க்கு என்று போட்டு ஓட்டுகிறவர்களின் பம்பு சீக்கிரம் போவதற்குக் காரணம் அது.

அப்பாவின் பழைய கார்புரேட்டர் மாருதி 800 பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர். அதன் பம்பு வேறு ஜாதி. என்ஜினுக்குள் சுற்றும் கேம்ஷாஃப்ட்டின் மேடு தள்ளத் தள்ள உள்ளே ஒரு ரப்பர் சவ்வு ஏறி இறங்கும், அழுத்தம் 0.2, 0.3 பார்தான். கழற்றுவது சுலபம்: இரண்டு போல்ட், மூன்று குழாய், அதில் ஒன்று டேங்குக்குத் திரும்புவது. மாட்டும்போது கேம் மேடு தள்ளாத நிலையில் என்ஜினைக் கையால் சுற்றி வைத்தால் எளிதாக உட்காரும். பம்புக்கும் என்ஜினுக்கும் நடுவே இருக்கும் கட்டையை அதே கனத்தில் போட வேண்டும். மெலிந்தால் சூடு ஏறி வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகும். தடித்தால் தள்ளும் தூரம் குறைந்து பெட்ரோல் பற்றாது. கரண்டில் ஓடும் உயர் அழுத்தப் பம்பை யாராவது சிபாரிசு செய்தால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம், கார்புரேட்டரின் ஊசி தாங்காமல் பெட்ரோல் வழிந்து ஓடும்.

அந்தப் பம்பைத் தொடும் முன், ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பாரும். பெட்ரோல் வாடை அடித்து, ஆயில் மட்டமும் ஏறியிருந்தால் சவ்வு கிழிந்து பெட்ரோல் என்ஜினுக்குள் இறங்குகிறது. அப்படியானால் பம்போடு ஆயிலையும் மாற்றும் வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதேயும். வாடை இருக்கிறதா இல்லையா என்று அடுத்த கடிதத்தில் எழுதும். பாட்டிலில் என்ன தங்கியது என்றும் மறக்காமல் எழுதும்.

இப்படிக்கு,
உம்ம பாளையங்கோட்டைச் சேக்காளி