மேற்கு ஆஸ்திரேலியாவின் மெரிடினில் இருக்கும் மகளுக்கு

குன்னூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன்னோடு படித்த பையன் இங்கிலாந்தில் ஹெக்டேருக்கு 8 டன் கோதுமை எடுக்கிறான், நீ வேலை பார்க்கும் பண்ணையில் 2 டன்தான் என்று சலித்துக்கொண்டிருக்கிறாய். அந்த 2 டன்னை இளப்பமாக நினைக்காதே அம்மா.

இங்கிலாந்தில் அக்டோபரில் விதைத்தால் ஆகஸ்டில்தான் அறுப்பு. கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் பகல் நீளம், வெயிலும் இதம். மணி நிதானமாக முற்றும். பஞ்சாபில் நவம்பரில் விதைத்து ஏப்ரலில் அறுத்தாக வேண்டும். பாசனமும் உரமும் இருப்பதால் 5 டன் வரை கிடைக்கிறது. ஆனால் மார்ச்சில் சூடு முந்திக்கொண்டால் போச்சு. 2022இல் அதுதான் நடந்தது. 1901 முதல் உள்ள பதிவுகளில் அவ்வளவு சூடான மார்ச் இல்லை. மணி முற்றாமலே சுருங்கிப்போய், மே மாதம் ஏற்றுமதிக்கே தடை போட்டார்கள்.

உன் ஊரில் ஆண்டு முழுக்கப் பெய்வதே 300 மில்லிமீட்டர் சொச்சம். பாசனமும் கிடையாது. அந்த மழையும் குறைந்துகொண்டே வருகிறது. 1990க்கும் 2015க்கும் இடையில், ஆஸ்திரேலியாவின் மானாவாரி நிலம் அதிகபட்சம் தரக்கூடிய கோதுமை விளைச்சல் 27 சதவீதம் குறைந்துவிட்டது என்று அந்நாட்டு அரசின் ஆராய்ச்சி நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வின் விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். ஆனால் உழவர் உண்மையில் எடுத்த விளைச்சல் குறையவில்லை! 1990இல் அந்த அதிகபட்சத்தில் 38 சதவீதம் எடுத்தவர்கள், 2015இல் 55 சதவீதம் எடுத்தார்கள். உழாமல் விதைத்தார்கள், அரிதாளை நிலத்திலேயே விட்டார்கள், ஈரத்தை உறிஞ்சும் கோடைக் களையை ஒழித்தார்கள். 8 டன்னைவிட எனக்கு இதுதான் பெரிய சாதனையாகத் தெரிகிறது. கவலையும் இருக்கிறது. அந்த அதிகபட்சத்தில் 80 சதவீதத்துக்கு மேல் எடுப்பது கட்டுப்படியாகாது என்கிறார்கள். அதைத் தொட்ட பிறகும் மழை குறைந்தால் என்ன செய்வார்கள்?

இங்கே குன்னூர் பக்கத்திலுள்ள வெலிங்டன் கோதுமை ஆராய்ச்சி நிலையத்தில் நான் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். வடக்கே வயல்கள் வெயிலில் காய்ந்து கிடக்கும்போது, மலைக் குளிரில் நாங்கள் இன்னொரு போகம் எடுப்போம். ஒரு ரகத்தை இன்னொன்றோடு கலக்க, கதிரைப் பிரித்து, மகரந்தப் பைகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, பட்டர் பேப்பர் உறை மாட்டுவோம். எல்லாம் குட்டை ரகங்கள். ஜப்பானின் நோரின் 10 கோதுமையிலிருந்து வந்த குட்டைத்தன்மையை வைத்துத்தான் அமெரிக்க வேளாண் விஞ்ஞானி நார்மன் போர்லாக் மெக்சிகோவில் புது ரகங்களை உருவாக்கினார். 1966இல் அந்த விதை 18,000 டன் இந்தியாவுக்கு வந்தது. பழைய உயரமான ரகங்கள் உரம் போட்டால் சாய்ந்துவிடும், இவை சாயாமல் நின்றன.

ஆனால் குட்டைத்தன்மை தரும் அந்த மரபணுவில் ஒரு குறை உண்டு. மண்ணைத் துளைத்து முளையை மேலே கொண்டுவரும் உறையும் குட்டையாகிவிடும். ஆழத்தில் ஈரம் இருந்தாலும் அங்கே விதைக்க முடியாது. உங்கள் ஊர் மாதிரி மேல்மண் காய்ந்த இடத்துக்கு அது பெரிய இடைஞ்சல். இப்போது பயிர் குட்டையாகவே இருந்து, முளை உறை மட்டும் நீளமாக வரும் ரகங்களை ஆஸ்திரேலியாவில் உருவாக்குகிறார்கள். 10 சென்டிமீட்டருக்குக் கீழே விதைத்தாலும் முளைத்து வருமாம்.

உங்கள் பண்ணையில் அதைப் போட்டிருக்கிறார்களா என்று கேள். போட்டிருந்தால் ஒரு நாற்றைத் தோண்டி, விதை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து எழுது. படமும் அனுப்பு.

அன்புடன்,
அப்பா