சர்வர்ல சிஸ்டம் ப்ரொஃபைல் அழிஞ்சுட்டா முதல்ல ரீஸ்டார்ட் பண்ணாதீங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

சி டிரைவ் நிறைஞ்சு போச்சுன்னா பழைய யூசர் ப்ரொஃபைல்களை (ஒரு அக்கவுண்டோட செட்டிங், ஃபைல் எல்லாம் இருக்கற ஃபோல்டர்) அழிச்சு இடம் பண்ணிக்கலாம்னு உங்க கம்ப்யூட்டர் பக்கத்துல போட்டிருந்தீங்க. வீட்டு கம்ப்யூட்டருக்கு அது சரிதான். ஆனா சர்வர் பாத்துக்கறவங்களும் அந்தப் பக்கத்தைப் படிக்கறாங்க, அவங்களுக்கு வேண்டிய ஒரு எச்சரிக்கை அதுல இல்லவே இல்ல, அதுக்காகத்தான் இந்தக் கடிதம்.

விண்டோஸ் சர்வர்ல ஆளே இல்லாத ஒரு அக்கவுண்ட் இருக்கு, லோக்கல் சிஸ்டம்னு பேரு. பேக்கப், ஆன்டிவைரஸ், அப்டேட்னு பின்னாடி ஓடற நிறைய சர்வீஸ் அந்த அக்கவுண்ட்லதான் ஓடுது. அதோட ப்ரொஃபைல் மத்தவங்களது மாதிரி யூசர்ஸ் ஃபோல்டர்ல இருக்காது, விண்டோஸுக்குள்ள சிஸ்டம்32, அதுக்குள்ள கான்ஃபிக், அதுக்குள்ள சிஸ்டம்ப்ரொஃபைல்னு இருக்கும். யாரும் லாகின் பண்ணாத ஃபோல்டர்தானே, உள்ள கேஷ் சேர்ந்து பெருசா வேற கிடக்கேன்னு நினைச்சு கை வைக்கறவங்க உண்டு. இன்னொரு வழி ஸ்கிரிப்ட், அதாவது தானா வேலை செய்யற கட்டளைத் தொகுப்பு. ரொம்ப நாளா யூஸ் பண்ணாத ப்ரொஃபைலை எல்லாம் அழின்னு ஸ்கிரிப்ட் எழுதறவங்க, ப்ரொஃபைல் விவரத்துலயே ஸ்பெஷல்னு ஒரு குறிப்பு இருக்கறதைப் பாக்காம விட்டுடறாங்க. அது ட்ரூன்னு இருந்தா அந்த ப்ரொஃபைல் விண்டோஸோட சொந்த வேலைக்கானது, தொடக்கூடாது. இப்படி ஸ்கிரிப்ட் அழிச்சது ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது.

கொடுமை என்னன்னா அழிஞ்ச உடனே பெருசா ஒண்ணும் தெரியாது. இந்த அக்கவுண்டோட ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் செட்டிங்கை எல்லாம் சேமிக்கற இடம்) பகுதி அந்த ஃபோல்டருக்குள்ள இல்ல, மேல கான்ஃபிக் ஃபோல்டர்ல டீஃபால்ட்னு ஒரு ஃபைல்ல தனியா இருக்கு, அதனால சர்வர் பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும், ஆளுங்க லாகின் பண்ணுவாங்க, ஷேர் ஃபோல்டர் எல்லாம் திறக்கும். அப்புறம் ஒவ்வொண்ணா ஆரம்பிக்கும், பாஸ்வேர்ட் சேமிச்சு வச்ச ஷெட்யூல் டாஸ்க் (குறிச்ச நேரத்துல தானா ஓடற வேலை) ஃபெயில் ஆகும், சர்வீஸ் மூலமா எக்ஸெல் ஃபைலைத் திறக்கற புரோகிராம் காரணமே சொல்லாம நிக்கும், யாரும் முதல்ல அழிச்சதோட இதைச் சேர்த்துப் பாக்க மாட்டாங்க. அந்த நேரத்துல எல்லாருக்கும் தோணறது ரீஸ்டார்ட். தயவுசெஞ்சு வேண்டாம். போன ஃபோல்டர் ரீஸ்டார்ட்ல திரும்பி வராது, ஏற்கனவே ஓடிக்கிட்டிருக்கற சர்வீஸ் மறுபடி ஸ்டார்ட் ஆகும்போது ஃபோல்டரைத் தேடி, கிடைக்காம அதுவும் நின்னு போகலாம். சில புரோகிராம் தனக்கு வேணுங்கற ஃபோல்டரைத் தானே உருவாக்கிக்கும், அப்ப பாதி இருக்கும் பாதி இருக்காது, எது பழசு எது புதுசுன்னு கண்டுபிடிக்கறது இன்னும் கஷ்டம்.

முதல்ல பாக்க வேண்டியது ஷேடோ காப்பி (டிரைவோட பழைய நிலையை விண்டோஸே எடுத்து வைக்கற காப்பி) இருக்கா, பேக்கப் இருக்கான்னுதான். கம்ப்யூட்டரைப் பழைய தேதி நிலைக்குத் திருப்பற சிஸ்டம் ரெஸ்டோர் வசதி விண்டோஸ் சர்வர்ல கிடையாது, இது நிறைய பேருக்குத் தெரியாது, வீட்டு கம்ப்யூட்டர் ஞாபகத்துல அதைத் தேடிக்கிட்டே நேரம் போயிடும். விர்ச்சுவல் மெஷினா (இன்னொரு கம்ப்யூட்டருக்குள்ள சாஃப்ட்வேரா ஓடற சர்வர்) இருந்தா, முன்னாடி எடுத்து வச்ச நிலையான ஸ்னாப்ஷாட்டுக்கு மொத்தமா திரும்பிப் போறது சுலபமா தெரியும், ஆனா அதுக்கப்புறம் டேட்டாபேஸ்ல ஏறுன பதிவு எல்லாம் போயிடும், நெட்வொர்க்ல எல்லாரோட லாகினையும் சரிபாக்கற டொமைன் கன்ட்ரோலரா இருந்தா இன்னும் ஆபத்து, விண்டோஸ் சர்வர் 2012க்கு முந்தின வெர்ஷன்ல அப்படித் திரும்பிப் போனா மத்த கன்ட்ரோலர்களோட கணக்கு ஒத்துப் போகாது. அதுக்குப் பதிலா பேக்கப் டிஸ்க்கை இன்னொரு டிரைவா மாட்டி, அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் பர்மிஷனோட சேர்த்து காப்பி பண்ணி எடுக்கறதுதான் என் அனுபவத்துல நல்ல வழி.

பேக்கப்பே இல்லன்னா அதே வெர்ஷன் உள்ள வேற சர்வர்லேர்ந்து ஃபோல்டர் அமைப்பை எடுக்கலாம். லோக்கல் சிஸ்டத்தோட அடையாள எண் எஸ்-1-5-18, எல்லா விண்டோஸ்லயும் இதே எண்தான், சாதாரண யூசருக்கு இது நடக்காது, அவங்க எண் ஆளுக்கு ஆள் வேற. ரெஜிஸ்ட்ரில ப்ரொஃபைல்லிஸ்ட்ங்கற இடத்துல இந்த எண்ணுக்கான பகுதியும் போயிருந்தா அதையும் அங்கேர்ந்தே எக்ஸ்போர்ட் பண்ணிக்கலாம், ஆனா இங்க இருக்கறதை முதல்ல ஒரு காப்பி எடுத்து வச்சுட்டுத்தான் கை வைக்கணும். உள்ள கிரெடென்ஷியல்ஸ்ங்கற, சேமிச்ச பாஸ்வேர்ட் இருக்கற ஃபோல்டர்ல உள்ளதை மட்டும் கொண்டு வந்து பிரயோஜனம் இல்ல, அது அந்த மெஷினோட சாவியால பூட்டுனது, இங்க திறக்காது. டாஸ்க் ஒவ்வொண்ணுக்கும் பாஸ்வேர்டை மறுபடி போட்டுத்தான் ஆகணும், வேற குறுக்கு வழி இல்ல. அப்புறம் 32 பிட் புரோகிராமுக்கு சிஸ்வாவ்64 ஃபோல்டருக்குள்ள இதே மாதிரி இன்னொரு சிஸ்டம்ப்ரொஃபைல் இருக்கு, ஒண்ணைச் சரி பண்ணிட்டு இன்னொண்ணை மறந்துட்டு ஏன் இன்னும் ஓடலன்னு தவிக்கறவங்களைப் பாத்திருக்கேன்.

பர்மிஷன் விஷயத்துல எனக்கு நிஜமாவே கோபம் வரும். ஓடலன்னதும் எவ்ரிஒன்னுக்கு ஃபுல் கன்ட்ரோல் குடுத்துடறாங்க, உடனே ஓடவும் ஓடும், வேலை முடிஞ்சதுன்னு போயிடறாங்க. சர்வர்லயே அதிகாரம் அதிகமா உள்ள அக்கவுண்ட் படிக்கற ஃபோல்டர் அது. அதுல யார் வேணா எழுதலாம்னு விட்டா சாதாரண யூசர் ஒருத்தர் வச்ச ஃபைல் சிஸ்டத்தோட அதிகாரத்துல ஓடறதுக்கு வழி திறந்து விட்ட மாதிரிதான். சிஸ்டத்துக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸுக்கும் ஃபுல் கன்ட்ரோல் இருந்தா போதும்.

இன்னொண்ணு, சிஸ்டம்ப்ரொஃபைல் டெஸ்க்டாப் கிடைக்கலன்னு லாகின் பண்ணும்போது ஒரு எரர் வரும். அது வந்தாலே இந்த ஃபோல்டர் அழிஞ்சு போச்சுன்னு அர்த்தம் இல்ல, லாகின் பண்ற ஆளோட சொந்த ப்ரொஃபைல் லோட் ஆகாமலும் அதே எரர் வரும். விண்டோஸ் நடந்ததைப் பதிஞ்சு வைக்கற ஈவென்ட் வியூவர்ல 1511, 1515ன்னு எண் இருந்தா கோளாறு அந்த யூசர் பக்கம்னு தெரிஞ்சுக்கலாம். அது பாக்காம டெஸ்க்டாப்னு காலி ஃபோல்டர் ஒண்ணு உருவாக்கி எரரை மறைச்சுடறாங்க, உண்மைக் கோளாறு அப்படியே உள்ள இருக்கும்.

இதுல எல்லாத்தையும் போட இடம் இருக்காதுன்னு தெரியும். அடுத்த தடவை ப்ரொஃபைல் அழிக்கறது பத்தி எழுதும்போது, எஸ்-1-5-18, எஸ்-1-5-19, எஸ்-1-5-20 (லோக்கல் சிஸ்டம், லோக்கல் சர்வீஸ், நெட்வொர்க் சர்வீஸ்) இந்த மூணோட ப்ரொஃபைலையும் தொடக்கூடாதுங்கறதையும், அழிக்கறதுக்கு முன்னாடி விண்டோஸோட முக்கிய ஃபைல், ரெஜிஸ்ட்ரி எல்லாம் அடங்கின சிஸ்டம் ஸ்டேட் பேக்கப் எடுத்து அதை வேற மெஷின்ல ஒரு தடவை திருப்பிப் பாத்துக்கணும்ங்கறதையும் மட்டுமாவது கட்டாயம் சேருங்க. அப்படியே விண்டோஸ் 10ஓட 1803 வெர்ஷன்லேர்ந்து விண்டோஸ் தானா ரெஜிஸ்ட்ரி காப்பி எடுக்கறதை நிறுத்திடுச்சுங்கறதும் ஒரு வரி இருக்கட்டும், அந்தக் காப்பி இருந்த ரெக்பேக் ஃபோல்டரை நம்பி இருக்கறவங்க இன்னும் நிறைய பேர் இருக்காங்க, திறந்து பாத்தா ஃபைல் எல்லாம் ஜீரோ சைஸ்ல இருக்கும்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்பு வேலை பாக்கற உங்க வாசகர்