சரணத்தை விட்டால் கதை எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய ஆங்கிலக் காதல் சோகப் பாடல்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ‘ஆஃப்டர் தி பால்’ பாட்டை, நடன விருந்து கலைந்தபின் வரும் ஏக்கத்தைப் பாடும் ஒரு வால்ட்ஸ் நடனப் பாட்டு என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். பல்லவியை மட்டும் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

கதை சரணங்களில் இருக்கிறது. ஏன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்று ஒரு கிழவரிடம் சின்னப் பெண் கேட்கிறாள். அவர் சொல்கிறார்: நடன அரங்கில் காதலி தண்ணீர் கேட்டாள், கொண்டுவரப் போனேன், திரும்பி வந்தால் வேறொருவன் அவளை முத்தமிட்டுக்கொண்டு நிற்கிறான். கண்ணாடிக் குவளை கைநழுவி உடைந்தது. அவள் விளக்கம் சொல்ல வந்தாள், நான் காதுகொடுக்கவில்லை. அவளும் இறந்துபோனாள். பல வருஷம் கழித்து அந்த ஆளிடமிருந்து கடிதம் வருகிறது. அவன் அவளுடைய அண்ணனோ தம்பியோ, கூடப்பிறந்தவன்!

பாடலாசிரியர் சார்லஸ் ஹாரிஸ் 1892-ல் வெளியிட்ட இந்தப் பாட்டின் இசைத்தாள் 50 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றதாகச் சொல்வார்கள். தாளை வாங்கிப் பியானோ முன் உட்கார்ந்து பாடியவர்களுக்கு மூன்று சரணமும் கண்முன்னே இருந்தன. பாட்டைப் பதிவு செய்ய அன்று இருந்த மெழுகு உருளையிலோ சுமார் 2 நிமிடம்தான் பதியும். மூன்று சரணத்துக்கு அதில் ஏது இடம்? பல்லவி பிழைத்தது, கதை போனது.

இந்த மாதிரித் தவறான புரிதல் எல்லாம் செயற்கை, ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்குமே என்றும் கட்டுரையாளர் எழுதுகிறார். தீர்ந்திருக்கும்தான். அந்தக் கிழவர் அன்று கேட்கவில்லை, காதலி சொல்ல வந்தபோதும் காதுகொடுக்கவில்லை. பாட்டே அதைப் பற்றித்தானே? வள்ளுவரின் தலைவி இந்த விஷயத்தில் கெட்டிக்காரி. அவன் தும்முகிறான், வாழ்த்துகிறாள். மறுகணமே யாரை நினைத்துத் தும்மினீர் என்று அழுகிறாள் (குறள் 1317). அடுத்த குறளில் அவன் தும்மலை அடக்கினால் அதற்கும் அழுகை. சந்தேகம் இங்கே இன்னும் அற்பமானது. ஆனால் அவள் உடனே கேட்டுவிடுகிறாள், அதனால் அது ஊடலோடு நிற்கிறது.

கட்டுரையில் வரும் ‘பார்பரா ஆலன்’ பாட்டு இன்னும் பழையது. லண்டன்வாசி சாமுவேல் பெப்பீஸ் 1666 ஜனவரியிலேயே தம் நாட்குறிப்பில் அதைக் குறிப்பிடுகிறார். மதுக்கடையில் மற்ற பெண்களின் நலத்துக்குக் கோப்பை உயர்த்திய காதலன் தன்னை மட்டும் மறந்தான் என்பது பார்பராவின் மனத்தாங்கல், அதை அவனிடமே கேட்கிறாள். அவர்களுக்குக் கோப்பை, உனக்கு என் காதல் என்று பாட்டின் சில வடிவங்களில் அவன் பதில் சொல்கிறான், சாகக் கிடக்கும்போது. இதைக் கட்டுரையாளர் அழுமூஞ்சிப் பாட்டு என்கிறார். எனக்கென்னவோ அவள் கேட்ட கேள்வி நியாயமாகவே படுகிறது.

தொடரின் அடுத்த பகுதியிலாவது பாட்டுகளைச் சரணத்தோடு சேர்த்துப் பேசும்படி அவரிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பழம்பாட்டுப் பிரியர் ஒருவர்