புகை தெரியாத புகைபோக்கியையும் அளக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எரிவாயு எரிந்தால் புகையே வராது, அப்புறம் புகைபோக்கியில் எதற்குத் துகள் அளவெடுப்பு என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். குத்தாலம், கோவில்களப்பால் பக்கம் எரிவாயு மின்நிலையங்களைப் பார்ப்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் 2.5 மைக்ரானுக்கு (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) உட்பட்ட துகள் கண்ணுக்குத் தெரிகிற சங்கதி இல்லையே.

வழக்கமாக என்ன செய்கிறார்கள்? புகைபோக்கியில் ஏறி, பக்கத்துத் துளையில் குழாயைச் செருகி, கண்ணாடி இழையாலான 'திம்பிள்' என்ற வடிகட்டி வழியாகப் புகையை இழுக்கிறார்கள். அதில் படிந்ததை எடை போடுகிறார்கள். நிலக்கரிச் சாம்பலுக்கு இது சரி. எரிவாயுப் புகையிலோ பல பொருள்கள் சூட்டில் ஆவியாகவே திம்பிளைத் தாண்டிவிடும். சோற்றுப்பானை ஆவி மூடியில் துளிப்பது மாதிரி, வெளியே குளிர்ந்த பிறகுதான் நுண்துகளாகும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் 1998 கணக்குப்படி, கொதிகலனில் பத்து லட்சம் கன அடி இயற்கை எரிவாயு எரிந்தால் 7.6 பவுண்டு துகள். அதில் வடிகட்டியில் சிக்குவது 1.9தான்.

மீதி 5.7ஐ அப்படியே நம்பவும் கூடாது. அப்போது புகையைக் குளிர்ந்த நீரில் குமிழவிட்டுப் பிடித்தார்கள். கந்தக டைஆக்சைடு நீரில் கரைந்து சல்பேட்டாகி, இல்லாத துகளையும் கணக்கில் ஏற்றியது. 2010இல்தான் உலர் குடுவைக்கு மாறினார்கள். புகையைச் சுத்தமான காற்றோடு கலந்து, ஆறவிட்டு வடிகட்டுவது இன்னும் நல்லது. வெளியே நடப்பதுதான் கருவிக்குள்ளும் நடக்கும். இதற்கு ஐஎஸ்ஓ 25597 என்ற தரமுறை 2013இலேயே வந்துவிட்டது. துகள் சொற்பம் என்பதால் மணிக்கணக்கில் இழுக்க வேண்டும், செலவு பிடிக்கும்தான்.

ஊர்க்காற்றை அளந்தால் போதாதா என்பார்கள். இந்த நுண்துகளின் 24 மணி நேரச் சராசரி, கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று தேசியத் தரம் இருக்கிறது. தாண்டினால் யாரைக் கேட்பது? அறுவடைத் தூசு, அரிசி ஆலைப் புகை, லாரிப் புகை எல்லாம் அதில் கலந்திருக்கும். நிலையத்தார் ஆலையைக் காட்டுவார், ஆலைக்காரர் வயலைக் காட்டுவார்.

2020இல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமானது. புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்குத்தான் தடை. ஏற்கெனவே இருப்பவை ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றின் டர்பைன், ஹீட்டர், டீசல் ஜெனரேட்டர் ஒவ்வொன்றிலும், குளிர்ந்து உருவாகும் துகளையும் சேர்த்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளக்க வேண்டும். எந்த முறையில் அளந்தது என்பதோடு முடிவைத் தமிழில் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும். மிச்ச வாயுவை வானம் பார்த்து எரிக்கும் ஃப்ளேருக்குள் குழாய் செருக முடியாது. அங்கே கணக்கு மதிப்பீடுதான் என்றால், அதையும் மறைக்காமல் எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மன்னார்குடி